அத்தா இடம் போட்ட பை

அன்பு மகன் தமீம் அன்சாரிக்குச் சிதம்பரத்திலிருந்து அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் இங்கே மூச்சும் நடமாட்டமுமாக இருக்கிறோம், நீயும் மருமகள் சனாவும் சளி இருமல் இல்லாமல் இருக்க துஆ செய்கிறேன். நீங்கள் இருக்கிற பர்மிங்காமில் தீவிரவாத எச்சரிக்கையை ஒரு படி ஏற்றிவிட்டார்கள் என்று சொல்லி, நாங்களும் உஷாராக இருக்க வேண்டியதை வரிசையாக எழுதி அனுப்பியிருந்தாயே, படித்தேன். கூட்டத்தில் வெளியே போகும் வழியைப் பார்த்து வைப்பது, போனில் சார்ஜ் வைத்திருப்பது, ஆள் இல்லாத பையைக் கண்டால் தொடாமல் விலகிப் போய் போலீசுக்குச் சொல்வது, எல்லாம் நல்ல புத்திதான். அத்தாவுக்கு மட்டும் படித்துக் காட்டவில்லை. மூன்று வாரமாக அத்தா ஏன் என் போனை எடுப்பதில்லை, என்மேல் என்ன கோபம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். போனில் சொன்னால் அவர் காதில் விழும், அதனால் தாளில் எழுதுகிறேன். உன் தங்கை ஹஃப்சா நாளை நெல்லிக்குப்பத்திலிருந்து வருவாள், இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொல்கிறேன்.

அத்தாவின் கண் புரை ஆபரேஷன் தேதி தள்ளிப்போயிற்று என்று மட்டும் உன்னிடம் சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால் வடக்கே எங்கேயோ குண்டு வெடித்து, இங்கேயும் ஹை அலர்ட் என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. நமக்கென்ன என்று ஆபரேஷனுக்குக் கடலூர் போக பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டோம். உங்கள் அத்தாவைத்தான் தெரியுமே, பஸ் நிற்பதற்கு முன்னாலேயே ஜன்னல் வழியாகப் பையைச் சீட்டில் போட்டு இடம் பிடித்துவிட்டு என்னைக் கூட்டிப்போகத் திரும்பி வந்தார். நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமிலிருந்து வர நேரமாகிவிட்டது. வந்து பார்த்தால் பஸ் காலி, சனமெல்லாம் தள்ளி நிற்கிறது, நம் பை மட்டும் சீட்டில் இருக்கிறது. முப்பது வருஷமாக இப்படித்தானே இடம் போடுகிறார், அன்றைக்கு அது ஆள் இல்லாத பை ஆகிவிட்டது. என் பைதான், என் பைதான் என்று ஓடினார், ஓடியதே தப்பாகப் போயிற்று. கண்டக்டர் கொளஞ்சியப்பன், பிள்ளைகளுக்கு யூனிபார்ம் துணி நம் கடையில்தான் எடுப்பவர், அத்தா பையைப் போட்டதைக் கண்ணால் பார்த்தவர், யாரு பைன்னு தெரியல சார் என்று போலீசிடம் சொன்னார்.

அத்தாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே யாரும் கை வைக்கவில்லை, பொய் சொல்லக் கூடாது, டீகூட வாங்கிக் கொடுத்தார்கள். பேர் கேட்டார்கள், ஜமாலுதீன் என்றார், அதற்கப்புறம் கேட்டதையே திரும்ப முதலிலிருந்து கேட்டார்கள். லுங்கி, துண்டு, சொட்டு மருந்து, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் மேசைமேல் கிடந்தன. போனை வாங்கிப் பார்த்து, இந்த வெளிநாட்டு நம்பர் யாருது, தெனம் பேசுறீங்களே என்றார்கள். எம் மவன் சார் என்றார். உன் பேர், வேலை, விலாசம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நாலு மணிக்கு, இனிமே பைய வுட்டுட்டுப் போவாதீங்க பாய் என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்கு அழுகைகூட வரவில்லை. வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன், சாப்பிட்டோம், பாத்திரம் கழுவினேன். மறுநாள் கொளஞ்சியப்பன் கடைக்கு வந்து, பயந்துட்டேன் பாய், மனசுல வச்சிக்காதீங்க என்றாராம், வுடுப்பா என்று அத்தா அனுப்பிவிட்டார். எனக்குத்தான் ஆறவில்லை. இருபது வருஷப் பழக்கம், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாய் தேய்ந்தா போயிருக்கும்.

போன புதன்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கவலைப்படாதே. ஆனால் அன்றைக்கு அவர் கிளம்பின விதத்தைச் சொல்ல வேண்டும். தாடியை ஒட்ட வெட்டிக்கொண்டார். பையின்மேல் பேரும் விலாசமும் கொட்டை எழுத்தில் எழுதினார். ஆதார் நகலையும் டாக்டர் சீட்டையும் பைக்குள் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். பஸ்ஸில் என் பக்கத்தில் இடம் இருந்தும் உட்காரவில்லை, ஜிப்பைத் திறந்துவிட்டு, பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கடலூர் வரைக்கும் நின்றே வந்தார். உக்காருங்களேன் என்றேன், உள்ள என்னா இருக்குன்னு எல்லாருக்கும் தெரியட்டும் என்றார்.

நேற்றுத்தான் கேட்டே விட்டேன், புள்ள இத்தினி தடவ கூப்புடறான், எடுத்துப் பேசினா என்னா என்று. என்னாலதான் அவன் பேரு அந்த நோட்டுல ஏறிப்போச்சு, நா பேசப்போய் அவன் விசாவுக்கு எதுனா வந்துட்டா என்னா பண்றது, நா பேசாம இருந்தா அவன் நல்லா இருப்பான் என்றார். நீ கோபம் என்று நினைத்துக்கொண்டிருப்பது இதுதான், மகனே.

வேளைக்குச் சாப்பிடு, சனாவைத் தனியாக அலைய விடாதே. அல்லாஹ் உங்கள் இருவரையும் எந்தக் கண்ணும் படாமல் காப்பாற்றட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, எடுக்கவில்லை என்று கூப்பிடுவதை நிறுத்திவிடாதே. நீ கூப்பிடும்போதெல்லாம் உன் அத்தா அந்தப் போனைக் கையில் எடுத்து, மணி அடித்து ஓயும் வரைக்கும் உன் பேரைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்.

துஆவுடன்,
உன்னைப் பெற்றவள்
ஜெய்னப்