டைப்ரைட்டரில் இல்லாத குறி

ஹேடோ, போர்ட் பிளேர்
8.10.1966

அன்புள்ள நீலாவதி,

அப்பா, அம்மாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல். பாப்பாவுக்கு இருமல் நின்றதா? நான் சௌக்கியம்.

குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது. கடலோரம், நல்ல காற்று. புயலில் கடல் எவ்வளவு ஏறும் என்று, கைப்பிடி சுற்றும் கணக்கு மெஷினில் ஒரு மாதம் கணக்குப் போட்டவன் நான்தான். ஏழடி, அதில் இரண்டடி கூடலாம் அல்லது குறையலாம் என்று கூட்டல் கழித்தல் குறி போட்டுக் கொடுத்தேன். அறிக்கையில் ஏழடி மட்டும் இருந்தது. ஹெட்கிளார்க் பக்தவத்சலத்திடம் கேட்டேன்.

“டைப்ரைட்டர்ல அப்படி ஒரு குறியே இல்லைய்யா. சந்தேகத்தை எல்லாம் சர்க்காருக்கு எழுதுவாங்களா? சோடோ, விட்டுத் தள்ளுய்யா” என்றார்.

ஆகவே எட்டடி உயரத்தில் வீடுகளைக் கட்டி, மரியாதையாக முதல் வீட்டை எனக்கே தந்தார்கள். அறிக்கையின் நகல் கடலுக்குப் போகவில்லை போலும். செவ்வாயன்று, புயலே இல்லாமல், தண்ணீர் மேல்படி வரை வந்து போயிற்று. கால் கழுவ வசதிதான், கவலைப்படாதே.

உன் தையல் பெட்டியிலுள்ள அளவு நாடாவை அனுப்பு. தண்ணீர் ஏறுவதைச் சுவரில் கோடு போட்டுப் பார்க்க வேண்டும். சாயங்காலங்களில் கடலைத் தவிர எனக்கு வேறு பேச்சுத்துணை இல்லை.

தபால் பையைக் கட்டுகிறார்கள். அடுத்த கப்பலுக்கு எடுத்த டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. நீ பாப்பாவோடு தையில் வரலாம். அதில் இரண்டு மாதம் கூடலாம், குறையாது.

உன்
கோவிந்தராஜ்