முதலில் நீங்கள்

அம்மாவுக்கு, உங்கள் கைகளை முத்தமிட்டு நஸ்தரன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். ஊருக்கு வரும் என் தோழி மினூ கையில் கொடுத்தனுப்புவதால் மனம்விட்டு எழுதுகிறேன்.

உரிமை கேட்டதற்காகத் தெஹ்ரான் சிறையில் கிடக்கும் பெண்களுக்காக, சனிக்கிழமை இங்கே அடிலெய்ட் சதுக்கத்தில் கூடினோம். பயப்படாதீர்கள், கறுப்புக் கண்ணாடியும் முகக்கவசமும் போட்டிருந்தேன். ஆளுக்கொரு பெண்ணின் பெயரை மைக்கில் சொல்ல வேண்டும். நம் ஆட்களைத்தான் தெரியுமே!

"நீங்க முதல்ல சொல்லுங்க."

"ஐயோ, உங்களுக்கு முன்னாடி நானா?"

விருந்து வீட்டு வாசலில் நிற்பதுபோல உபசாரம் நடந்தது. மைக் கை மாறிக்கொண்டே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் கவனித்தேன், எதிரே யாரோ எங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களில் பலருக்கும் ஊரில் ஒரு அம்மாவோ தம்பியோ இருக்கிறார்கள்.

ரொட்டிக்கடை தூபா அக்கா முகக்கவசத்தைக் கழற்றினார். "போதும் உங்க மரியாதை! கொடுங்க இப்படி. எனக்கு அங்க யாரும் மிச்சமில்ல, நானே ஆரம்பிக்கிறேன்."

என் முறை வந்தபோது கவசத்துக்குள்ளிருந்தே பெயரைச் சொன்னேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

மறுபடியும் கூடப்போகிறோம். முகம் என்னுடையதுதான். ஆனால் படத்தைப் பார்த்து அரசாங்க ஆட்கள் கதவைத் தட்டினால் திறக்கப்போவது நீங்கள். உங்களைக் கேட்காமல் முகக்கவசத்தைக் கழற்ற மாட்டேன். போனில் இதைப் பேச வேண்டாம். இங்கே கிடைக்கும் காய்ந்த எலுமிச்சை குழம்பில் கசக்கிறது. உங்களுக்குச் சம்மதமென்றால், நம் ஊர்க் கடை எலுமிச்சை அனுப்பட்டுமா என்று மட்டும் கேளுங்கள், கழற்றிவிடுகிறேன். கேட்காவிட்டாலும் கோபமில்லை அம்மா, கசப்போடு சாப்பிட்டுக்கொள்கிறேன்.

மினூ வாசலில் ஹாரன் அடிக்கிறாள்.

உங்கள் நஸ்தரன்