ரூபன் ஏறிய பஸ்

ரெங்கம், ஜோகூர்
14.7.2025, திங்கள் காலை

அன்பு மகள் ஷர்மினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் உடம்புக்குப் பெரிதாக ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அயர்லாந்து மழையிலும் ஆஸ்பத்திரி வேலையிலும் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். வாரத்தில் நான்கு நாள் வீடியோவில் முகம் பார்க்கிறோமே, இதென்ன திடீரென்று காகிதத்தில் என்று நினைப்பாய். வீடியோவில் பேசும்போது ரூபன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறான். அவனை வைத்துக்கொண்டே, அவன் அங்கே இல்லாத மாதிரி அவனைப் பற்றிப் பேசக்கூடாது என்று ஜாஹிதா சொல்லியிருக்கிறாள். பத்தொன்பது வருஷமாக நாம் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம் என்பது அவள் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. இன்னொரு காரணமும் இருக்கிறது. போன மாதம் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன், அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

முதலில் மற்ற செய்தி. அப்பா இன்னும் எண்ணெய் மில்லுக்குச் செம்பனைக் குலை லோரிதான் ஓட்டுகிறார், சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னார்கள், ஆனால் மில்லுக்குப் பக்கத்துக் கடையில் சீனி போட்ட தே தாரேக் குடிப்பதை நிறுத்தவில்லை என்பது அவர் சட்டையை முகர்ந்தாலே எனக்குத் தெரியும், நீ ஒருமுறை நர்ஸ் குரலில் அதட்டிச் சொல். சித்தி மகள் லோஷினி கல்யாணம் செப்டம்பரில், தங்காக் போய் துணி எடுத்தோம், உனக்கு ஒரு கத்தரிப்பூ நிறப் புடவை வாங்கியிருக்கிறேன், ரவிக்கை அளவை அனுப்பு, பழைய அளவு சரியாக இருக்கும் என்று சொல்லாதே, நீ இளைத்துப் போயிருப்பது வீடியோவிலேயே தெரிகிறது.

இனி ரூபன் விஷயம். ஜனவரியோடு அவனுக்குப் பள்ளிக்கூடத்துச் சிறப்பு வகுப்பு முடிந்தது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, பிப்ரவரியில் மற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்த அன்று இவனும் விடியற்காலையில் எழுந்து சீருடை போட்டுக்கொண்டு கேட் பக்கத்தில் போய் நின்றான். வேன் நம் வீட்டில் நிற்காமல் போயிற்று. நான்கு நாள் அப்படி நின்றான், ஐந்தாம் நாள் நிற்கவில்லை, அதற்குப் பிறகு குளிக்கவும் பத்துத் தடவை சொல்ல வேண்டியிருந்தது. பகலெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டு படுத்தே கிடந்தான், பேச்சும் குறைந்துபோனது. உன்னிடம் சொன்னால் வேலையை விட்டு வந்துவிடுவாயோ என்று பயந்து சொல்லவில்லை. அப்போதுதான் அவன் வகுப்பாசிரியை பிரேமலா போன் செய்து, இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு வேலை பழக்கிவிடும் திட்டம் ஒன்று இருக்கிறது, ஆள் கூடவே வந்து கற்றுக்கொடுப்பார்கள் என்று சொல்லிப் பெயரைப் பதிந்தார். அப்படி வந்தவள்தான் ஜாஹிதா. உன் வயசுதான் இருக்கும். முதல் நாளே என்னிடம் 'அவரு என்ன சாப்பிடுவாரு, அவருக்கு என்ன பிடிக்காது' என்று கேட்டாள், யாரைக் கேட்கிறாள் என்று எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. நம் வீட்டில் ரூபனை 'அவர்' என்று சொன்ன முதல் ஆள் அவள்தான்.

குளுவாங்கில் ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் இடத்தில் சேர்த்தாள். விரிப்பை எடுப்பது, மூலையைப் பிடிப்பது, மடிப்பது, அடுக்குவது, ஒவ்வொன்றையும் ரூபன் கையையே படம் பிடித்து அவன் போனில் வரிசையாகப் போட்டுக்கொடுத்தாள். படத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்துச் செய்வான், ஒரு மாதத்தில் போனைப் பார்க்காமலே மடிக்கத் தொடங்கிவிட்டான். அதுவரைக்கும் எனக்குச் சந்தோஷம்தான். பிறகு அவள், இனி பஸ்ஸில் போய்வரப் பழக்க வேண்டும் என்றாள். நான் வேண்டவே வேண்டாம், நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன். அதற்கு அவள், 'ஆன்ட்டி, நீங்க கொண்டுபோய் விட்டா, உங்களுக்குக் காய்ச்சல் வர்ற அன்னிக்கு அவரு வேலைக்குப் போக மாட்டாரு' என்றாள். காய்ச்சல் என்றுதான் சொன்னாள், அவள் எதை நினைத்துச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாதா. ஒரு வாரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து போனாள், அடுத்த வாரம் பின் சீட்டில் உட்கார்ந்தாள், அதற்கடுத்த வாரம் தன் காரில் பஸ்ஸுக்குப் பின்னால் போனாள். ஜூனில் அவன் தனியாகப் போக ஆரம்பித்தான்.

நீ சொல்லிக்கொடுத்துத்தான் என் போனில் அவன் இருக்கும் இடத்தைக் காட்டும் அந்த வரைபடத்தைப் போட்டுக்கொண்டேன், உன்னைக் குற்றம் சொல்லவில்லை மகளே, நல்லதுக்குத்தான் செய்தாய். ஆனால் அந்த நீலப் புள்ளி வந்ததிலிருந்து எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. புள்ளி நகர்ந்தால் எங்கே போகிறான் என்று பயம், நகராவிட்டால் என்ன ஆயிற்றோ என்று பயம். குழம்பு இரண்டு தடவை அடிபிடித்தது. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை அவனைக் கூப்பிடுவேன், ஒவ்வொரு தடவையும் அவன் கையிலிருக்கும் விரிப்பைக் கீழே வைத்துவிட்டுப் பேசுவான், அங்கே மேற்பார்வை பார்க்கும் சீன அம்மா இரண்டு முறை ஜாஹிதாவிடம் குறை சொல்லியிருக்கிறார்.

ஜூன் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை. நல்ல மழை. மூன்றரை மணி பஸ்ஸில் ஏறிவிட்டான் என்று புள்ளியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் அது ரெங்கம் பக்கம் வராமல் காஹாங் போகும் சாலையில் திரும்பி, அங்கேயே நின்றுவிட்டது. காஹாங் எந்தப் பக்கம் இருக்கிறது, நாம் எந்தப் பக்கம் இருக்கிறோம். பஸ் மாறி ஏறிவிட்டான் என்றே முடிவு செய்துவிட்டேன். கூப்பிடுகிறேன், லைன் போகவில்லை. விடாமல் கூப்பிட்டதில் ஒருமுறை கிடைத்தது, மழைச் சத்தத்தில் அவன் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. நான்தான் கத்தினேன். 'ரூபன், பஸ்ஸ விட்டு எறங்கு, எறங்கி அங்கேயே நில்லு, எங்கேயும் போகாத, அம்மா வர்றேன்' என்று சொன்னேன். சரி என்றான். அதோடு அவன் போன் செத்துவிட்டது, நான் கூப்பிட்டுக் கூப்பிட்டே பேட்டரியைத் தீர்த்திருக்கிறேன்.

வாடகைக் கார் பிடித்துக் காஹாங் சாலைக்குப் போனேன். இரண்டு பக்கமும் செம்பனை, எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கிறது, ஒவ்வொரு பஸ் நிறுத்தத்திலும் இறங்கிப் பார்த்தேன், ஒரு கடையில் அவன் போட்டோவைக் காட்டிக் கேட்டேன். அந்த நேரத்தில்தான் உன்னிடமிருந்து செய்தி வந்தது, தம்பி புள்ளியைக் காணோமே அம்மா என்று. வீட்டில்தான் இருக்கிறான், போன் சார்ஜில் கிடக்கிறது என்று நனைந்த கையால் பதில் போட்டேன். அதுதான் நான் சொன்ன பொய். கடல் தாண்டி இருக்கிறவள், அழுதுகொண்டே எத்தனை பேருக்கு ஊசி போடுவாள் என்று நினைத்தேன்.

ஐந்தரைக்குத்தான் ஜாஹிதாவைக் கூப்பிடவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, 'அவர எறங்கச் சொன்னது யாரு ஆன்ட்டி' என்று மட்டும் கேட்டாள். நான்தான் என்றேன். அதற்கு அவள், 'அவரு பஸ் மாத்தி ஏற மாட்டாரு. நீங்க அங்க தேடாதீங்க, நான் ரெங்கம் ரோட்டுல பார்க்கிறேன்' என்று சொல்லிக் காரை எடுத்தாள். அன்றைக்குக் குளுவாங்கில் மரம் சாய்ந்து சாலையை மூடியிருக்கிறார்கள், பஸ் காஹாங் சாலையில் கொஞ்ச தூரம் போய்ச் சுற்றிக்கொண்டு திரும்பவும் ரெங்கம் சாலைக்கே வந்திருக்கிறது, லைன் இல்லாததால் புள்ளி மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. நான் இறங்கு என்று கத்தியபோது பஸ் நம் வீட்டைப் பார்த்துத்தான் வந்துகொண்டிருந்தது. இன்னும் பதினைந்து நிமிஷத்தில் வீட்டு வாசலுக்கு வந்திருப்பான்.

ரெங்கம் சாலையில் ஏழாம் மைல் கட்டையில், தோட்டத்துப் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்றிருந்தானாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல். மோட்டார் சைக்கிளில் வந்த தோட்டத் தொழிலாளி ஒருவர் ஏறச் சொல்லி வற்புறுத்தியிருக்கிறார், 'அம்மா நிக்கச் சொன்னாங்க' என்று சொல்லிவிட்டானாம், அந்த மனிதர் தன் மழைச்சட்டையைக் கழற்றி இவனுக்குப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார், யாரென்று தெரியவில்லை, நன்றி சொல்லக்கூட வழியில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது ஜாஹிதாவின் காரில் உட்கார்ந்திருந்தான், உதடு நீலம் பாரித்திருந்தது. நான் கட்டிப்பிடித்து அழுதேன். அவன் அழவில்லை, கோபப்படவும் இல்லை. என் முகத்தைப் பார்த்து, 'அம்மா, அது சரியான பஸ்தான்' என்றான்.

ஷர்மி, அந்த வார்த்தையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பள்ளிக்கூடமும் ஆசிரியரும் ஜாஹிதாவும் இத்தனை மாதம் கற்றுக்கொடுத்ததை அவன் சரியாகச் செய்தான், பெற்றவள் நான் ஒரு போன் காலில் கெடுத்தேன். அன்றிரவு அப்பா, 'போதும் செல்வா, வீட்லயே இருக்கட்டும், நாம இருக்கிற வரைக்கும் பார்த்துக்குவோம்' என்றார். இருக்கிற வரைக்கும் என்று சொல்லிவிட்டு அவர் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினார்.

இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தான். மூன்றாம் நாள் எழுந்து குளித்து, வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டான். போய்விடக்கூடாதே என்று அவன் சப்பாத்தை ஸ்டோர் அறையில் ஒளித்து வைத்திருந்தேன், இதையும் உன்னிடம் ஒப்புக்கொள்கிறேன். அவன் தேடினான், என்னைக் கேட்கவில்லை. அப்பாவின் பழைய பூட்ஸை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் அது கழன்று வர, கேட்டைத் திறந்தான். நான் ஓடிப்போய்ச் சப்பாத்தை எடுத்துவந்து அவன் காலடியில் வைத்தேன். அப்பா உள்ளே போய்விட்டார்.

ஜாஹிதா வீட்டுக்கு வந்தபோது திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. வரைபடத்தை எடுத்துவிடுங்கள், வேலை நேரத்தில் கூப்பிடாதீர்கள் என்றாள். போய்ச் சேர்ந்ததும் அவனே ஒரு படத்தைத் தொட்டால் எனக்கு 'வந்துட்டேன்' என்று செய்தி வருகிற மாதிரி அவன் போனில் செய்துகொடுத்தாள். சில நாள் தொட மறந்துவிடுகிறான், அந்த நாட்கள் எனக்கு எப்படிப் போகும் என்று உனக்கு எழுதிக் காட்ட முடியாது. போன வெள்ளிக்கிழமை அவனை நிரந்தரம் செய்துவிட்டார்கள். அந்தச் சீன அம்மா, இவன் மெதுவாகத்தான் மடிக்கிறான், ஆனால் இவன் மடித்தது ஒன்றுகூட மடிப்பு சரியில்லை என்று ஹோட்டலிலிருந்து திரும்பி வரவில்லை என்று சொன்னாராம். வேலைக் கடிதத்தில் தன் பெயரைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டான், மூன்று எழுத்துக்கு நான்கு நிமிஷம் ஆயிற்று, யாரும் அவசரப்படுத்தவில்லை.

வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடவா, நாளைக்கு அவனை யார் பார்ப்பார்கள் என்று நீ போன வாரம் கேட்டாய். எனக்கும் அந்தப் பயம் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. ஆனால் அந்தப் பயத்தால்தான் அவனை மழையில் நிற்க வைத்தேன். நீ படித்த படிப்பு உன்னுடையது, அதை அவனுக்காக மூட்டை கட்ட வேண்டாம். லோஷினி கல்யாணத்துக்கு லீவு கிடைத்தால் வா, அவனைப் பார்த்துக்கொள்ள வராதே, பார்க்க வா.

குளிர்ந்த தண்ணீரில் தலை குளிக்காதே, நைட் ஷிப்ட் முடிந்து வெறும் வயிற்றில் படுக்காதே. உன் போனிலும் தம்பியின் புள்ளி இன்னும் இருக்கும், இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அதை எடுத்துவிடு, மறக்காதே, உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். மாரியம்மன் துணையில் நீ நீண்ட ஆயுளோடு, நல்ல மனசுள்ளவர்கள் நடுவில் வாழ வேண்டும், அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார். மணி எட்டே முக்கால் ஆகிறது. எட்டு இருபதுக்கு அவன் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், செய்தி இன்னும் வரவில்லை. போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கக் கிளம்புகிறேன்.

என்றும் உன் நினைவாக,
அம்மா
செல்வராணி சபாபதி