மாடியிலிருந்து போன ஒரு தாள்

அன்புள்ள அம்மாவுக்கு, கேசவன் வணக்கத்துடன் எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்ததா?

திருமயம் வாழ் உறவினர் அனைவருக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், தாம்பரத்தில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டரின் மாடிக் கம்ப்யூட்டருக்கும் கீழ்த்தளத்துப் பிரிண்டருக்கும் ஒயர் மூலம் சம்பந்தம் இனிதே முடிந்தது. முடித்து வைத்தவன் உன் மகன். இனி மாடியில் பட்டனைத் தட்டினால் கீழே காகிதம் வரும்.

நான் சும்மா இருப்பேனா? கீழே வேலை பார்க்கும் குல்ஷன் அக்காவைச் சிரிக்க வைக்க, “எனக்குப் பசிக்கிறது. பிரியாணி வேண்டும். இப்படிக்கு, பிரிண்டர்” என்று அடித்து அனுப்பினேன். கீழே என்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று மாடியில் தெரியாது. பக்கத்துத் தெரு ஜெயவேலு சார் தன் அப்பாவின் கருமாதிப் பத்திரிகைக்காக வந்து நின்றிருக்கிறார். அப்பா படம் போட்ட தாளுக்கு அடுத்து என் தாள் வந்திருக்கிறது.

“இன்னாமா இது? எங்கப்பா மூணு நாளு சோறு எறங்காம செத்தாரும்மா. அவருக்குப் பசிக்குதுன்னு கிண்டலா?” அவர் குரல் உடைந்தது மாடி வரை கேட்டது.

“மிஷின் கோளாறு சார், மன்னிச்சிடுங்க” என்றார் அக்கா. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் இறங்கிப் போகவே இல்லை, அம்மா. நாளை அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுவேன்.

நாரத்தங்காய் ஊறுகாய் இரண்டு பாட்டில் அனுப்பு, ஒன்று அக்காவுக்கு. கடிதத்தைப் பொடி எழுத்தில் எழுது. போன தடவை சீக்கிரம் படித்து முடித்துவிட்டேன்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. இன்னொன்று, அந்த ஒயரை இணைத்ததும் அக்காதான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கேசவன்