தானாக மாறிய எண்ணிக்கை

பாசமுள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி எப்படியிருக்கிறது?

கிடங்கில் சரக்கு எண்ணும் கைக்கருவியை மாற்றிவிட்டார்கள். பழையதில் திரையை அழுத்த வேண்டும். புதியதில் விரல் பட்டாலே பதிந்துவிடும். மூன்று நாளாக நான் பதித்த எண்ணிக்கை தானாக மாறியது. மேலாளர் என்னைத் திட்டினார். என் அறையில் தங்கி என்னோடு வேலை செய்யும் தாடிக்கார அண்ணன்தான் கைவைக்கிறார் என்று சந்தேகப்பட்டேன். அவரோடு பேச்சை நிறுத்தினேன். சாப்பிடும்போதும் கருவியை மடியில் வைத்துக்கொண்டேன்.

நேற்று அவர் என் கையைக் கவனித்தார்.

"தம்பி, ஓரத்துல உன் கட்டைவிரல் பட்டுக்கிட்டே இருக்கு. இது ரெண்டு விரல் பட்டதையும் கணக்குல சேர்த்துக்கும்."

கூசிப்போனேன். "உங்களைத்தான் சந்தேகப்பட்டேண்ணே."

"தெரியும். மெஷினைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு சாப்பிட்டப்பவே தெரியும்" என்று சிரித்தார். அவருக்கு என் மேல் கோபமில்லை என்று இன்னும் முழுதாக நம்ப முடியவில்லை.

சட்டைப் பித்தான் இரண்டு அனுப்பு. கூடவே நாலு பக்கமாவது எழுது. மூன்று நாளாக அறையில் என் குரலையே நான் கேட்கவில்லை. வேலை வண்டி வந்துவிட்டது.

உன் மகன்