பாதியில் நின்ற இணைப்பு

ஜூன் 3
மறுபடி வேலைக்குப் போனேன். கணக்குப் பிரிவில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜையில் அந்த நிலத்தடி மின்கேபிளின் செலவுக் கணக்கு. கேபிள், மணல், குழி வெட்டிய கூலி எல்லாம் சேர்ந்ததுதான் லைனின் விலை. அதில் என் வீட்டுக்காரரின் கடைசி நாள் கூலியும் இருக்கிறது. கேபிளை இணைத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

ஜூன் 4
"அந்த ஒரு நாளை வேற யாராவது பார்க்கட்டுமாம்மா?" என்றார் அதிகாரி. வேண்டாம் என்றேன். லைன் மண்ணுக்குள் இருக்கும்வரை அந்த நாளும் சொத்துக் கணக்கில் இருக்கும். நாற்பது வருஷம். பைத்தியக்காரத்தனம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜூன் 9
அடுப்படியில் நிற்கும்போது பின்னால் அவர் செருமுகிற சத்தம். திரும்பிப் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன்?

ஜூன் 12
கணக்கு இடிக்கிறது. பாதியில் நின்ற இணைப்பை வெட்டியெறிந்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் முறை. இணைப்புச் சாமான் இரண்டு செட் செலவாகியிருக்க வேண்டும். ஒன்றுதான் ஆகியிருக்கிறது. அவரோடு வேலை செய்தவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அண்ணன் கைப்பட்ட வேலை, அண்ணி. வெட்ட மனசு வரல. அவர் விட்ட எடத்துலேருந்து நானே முடிச்சுட்டேன்."

"அன்னிக்கு மழையாச்சே. அவரைத் தூக்கிட்டு ஓடினப்ப அதை மூடினீங்களா?"

"அந்த அவசரத்துல மூடல, அண்ணி."

ஈரம் புகுந்த இணைப்பு சோதனையில் தப்பித்துவிடும், பிறகு ஒரு நாள் வெடிக்கும். வீட்டில் சாப்பிடும்போது அவர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். அந்த இணைப்புக்கு நேர் மேலே பஸ் நிறுத்தம்.

ஜூன் 13
சொன்னால் அவர் கடைசியாகச் செய்ததைத் தோண்டிக் குப்பையில் போடுவார்கள். சொல்லாவிட்டால்— கண்ணை மூடினா குழிக்குள்ளேருந்து "என்னடி பண்ணப்போற"ன்னு கேக்குறாரு. நான் என்னதான் பண்ணட்டும்? நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க.

ஜூன் 14
பொறியாளரிடம் சொல்லிவிட்டேன்.

ஜூன் 20
வெட்டிப் பார்த்தார்களாம். உள்ளே ஈரம் இருந்ததாம். புதிதாக இணைத்தவரும் அவரோடு வேலை செய்த அதே ஆள்தான். என்னைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் போய்விட்டார்.

வெட்டியெறிந்த வேலை லைனின் விலையில் சேராது. அந்த நாளின் கூலியை வீண் செலவில் எழுதினேன்.

ஜூன் 27
மின்சாரம் விட்டார்கள். லைன் சொத்துக் கணக்கில் ஏறியது. எல்லா நாளும் இருக்கிறது, அந்த நாள் மட்டும் இல்லை. கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அவர் போனபிறகு இதுதான் முதல் தடவை.