நூருவுக்கு வைத்த மருதாணி

திங்கள், ஆகஸ்ட் 4

விடியும்போதே புழுக்கம். ஏரிப் பக்கம் மேகம் கூடுவதும் கலைவதுமாக. சம்மன் வந்தது. என் பெயரில் ஓர் எழுத்து குறைவு. கொண்டுவந்த போலீஸ்காரரிடமே பேனா வாங்கித் திருத்திய பிறகுதான் கையெழுத்து. “யாரும்மா பாக்கப் போறா” என்றார். நான் பார்ப்பேன்.

வெள்ளிக்கிழமை கோர்ட். நூர்ஜஹான் இறந்த வழக்கு, டாக்டர் முரளி மேல். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க மயக்க ஊசி போட்டுவிட்டு, மூச்சு நிற்பதைக் கவனிக்கவில்லை என்று. நடந்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. அன்று அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனவள் நான். அதனால் சாட்சி.

செய்ய வேண்டியவை: வெள்ளையில் கரை வைத்த புடவை, கஞ்சி. மூக்குக் கண்ணாடிக்கு ஸ்குரூ. தோட்டத்து மருதாணிச் செடியை அடியோடு வெட்டுவது.

வெட்ட ஆள் பார்க்கும்படி பூங்காவனத்திடம் சொன்னேன். வீட்டையும் என்னையும் பல வருஷமாகக் கட்டி மேய்ப்பவள். துடைப்பத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள்:

“செடி இன்னா பண்ணுச்சும்மா? அது பாட்டுக்கு நின்னுக்கினு கீது.”

கண்ணாடி ஸ்குரூவைத் தேடப் போய்விட்டேன்.

செவ்வாய்

குழாயில் தண்ணீர் வரவில்லை. ரசத்தில் உப்பு கூடுதல். பூங்காவனத்திடம் சொன்னதற்கு, நாக்கு எனக்குத்தான் கெட்டுப்போய்விட்டதாம்.

பகலில் தூக்கம் வராமல் கான்வென்ட் நினைவு. பனியன் துணி மாதிரி மெல்லிய போர்வை, டைனிங் ஹால் சாம்பார், சிஸ்டரின் கொத்துச்சாவிச் சத்தம் கேட்டதும் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்வது. உத்திரமேரூரிலிருந்து நானும் நூர்ஜஹானும் இரண்டே பேர். நான் நிலக்காரர் வீட்டுப் பெண், அவள் கடைத்தெரு ஜவுளிக்கடைப் பெண். ஊரில் இருந்தவரை பேசிக்கொண்டதுகூட இல்லை. ஹாஸ்டலில் கட்டில் பக்கத்துப் பக்கத்தில்.

பெருநாள் லீவு முடிந்து பத்து விரலிலும் மருதாணித் தொப்பியோடு வந்தாள். அங்கே மருதாணி கூடாது. அடுத்த வருஷம் எனக்கும் இலை கொண்டுவந்து, குளியலறையில் சோப்புப் பெட்டிக்குள் நசுக்கி வைத்துவிட்டாள். சிஸ்டர் கண்டுபிடித்து, எலுமிச்சம்பழத்தை வெட்டி எங்கள் கையில் தேய்க்க வைத்தார். நூரு தலையைக் குனிந்தபடி என் காதில் சொன்னாள்: “நல்லாத் தேய்டி. எலுமிச்ச போட்டா இன்னும் கறுக்கும். பாவம், அவங்களுக்குத் தெரியல.” வெளியே வெயிலில் நின்றோம். சிரிப்பை அடக்கியதில் எனக்கு விக்கல்.

அதே சிஸ்டர்தான் நோயறைக்கும். எனக்குக் காய்ச்சல் கண்டபோது நாற்காலியை ஒட்டிப் போட்டு, மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து உட்கார்ந்திருந்தார். நெஞ்சில் தலைகீழாகக் குத்திய சிறிய கடிகாரம். ஜெப மணி அடித்தபோதும் எழுந்திருக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நூரு கண்ணை உருட்டி, நாக்கை நீட்டி, நான் செத்துப்போவதுபோல் நடித்துக் காட்டினாள்.

புதன்

பால் திரிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து முரளியின் அம்மா கமலா. டிகாஷனை மட்டும் கொடுக்க முடியாதே, பூங்காவனம் பக்கத்து வீட்டில் பால் வாங்கி வந்தாள்.

கமலா இளைத்துவிட்டாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். முரளி சின்னப் பிள்ளையில் இந்தக் கூடத்தில்தான் கிரிக்கெட் ஆடி என் மாமியார் படத்துக் கண்ணாடியை உடைத்தான். மெட்ராஸில் இருக்காமல் ஊருக்கே திரும்பி ஆஸ்பத்திரி வைத்தவன். என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையாக இருந்தபோது, கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வந்தவன். எதையும் நான் மறக்கவில்லை.

“அக்கா, விரல்ல மிஷின் மாட்டினாங்க, நீங்க பாத்தீங்க. அத்த மட்டும் சொல்லுங்க. பொய் இல்லியே. மருதாணிப் பேச்சே வர வேணாம். உங்களயும் யாரும் ஒரு வார்த்த சொல்ல மாட்டாங்க. இல்லன்னா அவன் ஜெயிலுக்குப் போயிடுவான் அக்கா.”

பொய் இல்லைதான். மாட்டினார்கள்.

யோசித்துத்தான் சொல்ல வேண்டும் என்றேன். கமலா காபியைக் குடிக்கவில்லை. ஏடு கட்டியது.

அன்று நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

நூருவின் பேத்திக்கு நிக்காஹ் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள் இரவு இங்கேயே தங்கினாள். நம் செடியில் உருவிய இலை. கிராம்பும் கெட்டித் தேயிலைத் தண்ணீரும் விட்டு நானே அரைத்தேன். “நாவப்பழம் மாதிரி கறுக்கணும்டி ராஜி.” கறுத்தது. நகமெல்லாம், கணுவரை. எனக்கும் மிச்சத்தை அப்பிவிட்டாள்.

காலையில் ஆஸ்பத்திரி. கம்மலையும் பல் செட்டையும் கழற்றி என் கைப்பையில் போட்டாள். நர்ஸ் பெண் ரத்தத்தில் ஆக்ஸிஜன் பார்க்க விரலில் மாட்டும் கிளிப்பைக் கட்டைவிரலிலிருந்து ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்த்தது. மிஷின் கத்திக்கொண்டே இருந்தது. “இன்னா ஆயா, கையெல்லாம் இப்டிப் பண்ணி வெச்சிக்கினு கீறே? மிஷின் புடிக்கவே மாட்டுது.” நூரு என்னைக் காட்டி, “அவளத் திட்டு” என்றாள். அதுதான் கடைசியாகச் சிரித்தது.

ஊசி போட்டதும் என்னை வெளியே போகச் சொன்னார்கள். கையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கிறேன் என்றேன். கூடாதாம். மிஷின் சத்தம் நின்றது. மின்விசிறிக் காற்றில் கதவுத் திரை விலகியபோது கிளிப் ஜன்னல் கட்டை மேல் கிடந்தது. முரளி முதுகைக் காட்டியபடி டி.வி. மாதிரி ஒரு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் யாரோ கூப்பிட, நர்ஸ் பெண்ணும் போய்விட்டது. நூருவின் முகத்துப் பக்கம் ஒருவரும் இல்லை.

வியாழன்

மழை, கடைசியில். கொல்லை முழுக்கச் சேறு. மரம் வெட்டுகிறவன் வரவில்லை. பூங்காவனம் சொல்லியே இருக்க மாட்டாள்.

நூருவை அடக்கம் செய்த பிறகும் என் நகத்தில் சிவப்பு இருந்தது. கையிலிருந்து சீக்கிரம் போய்விட்டது. நகத்தில் மட்டும் வளர வளர மேலே நகர்ந்தது. கடைசிக் கீற்றை வெட்டாமல் கொஞ்ச நாள் வைத்திருந்தேன். அது காபி டம்ளரில் மாட்டி உடைந்தது.

ஊரில் சிலர் சொன்னது காதில் விழுந்ததுதான். “அந்தம்மா மருதாணி வெச்சுதான் பாய் வூட்டு ஆயா போச்சாம்.” கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன். காரணம் கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றேன்.

கமலா சொன்னபடி சொன்னால் அந்தப் பேச்சு கோர்ட் வரை வராது. முரளியும் தப்பலாம். நானும்.

இன்று முழுக்க அந்த நோயறை நாற்காலிதான் கண்ணில். மணிக்கட்டில் இரண்டு விரல். மிஷின் எதுவும் கிடையாது அப்போது.

புடவைக்குக் கஞ்சி அதிகம். பரவாயில்லை.

வெள்ளி

தூறல். கோர்ட்டுக்குள் ஈரக்குடை வாடை. கூண்டுக்குள் பிடித்துக்கொள்ளும் கட்டை ஆடுகிறது, யாரும் சரி செய்வதில்லை.

அரசு வக்கீல், அன்று கூடப் போனது நான்தானா என்று மட்டும் கேட்டு விட்டுவிட்டார். முரளியின் வக்கீல் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். மிஷின் மாட்டியதைப் பார்த்தீர்களா? பார்த்தேன். அதோடு உட்காரப் போனார். நான் முடிக்கவில்லை என்றேன். கழற்றியதையும் பார்த்தேன், ஜன்னல் கட்டை மேல் கிடந்தது, நர்ஸ் வெளியே போனது, முரளி முதுகு காட்டி நின்றது, எல்லாம். மாஜிஸ்திரேட் அம்மா டைப் அடிப்பவருக்காக என்னை நிதானமாகச் சொல்லச் சொன்னார். நிதானமாகத்தான் சொன்னேன்.

வக்கீலுக்கு முகம் மாறிவிட்டது. மிஷின் ஏன் வேலை செய்யவில்லை? மருதாணியால். யார் வைத்தது? “நான்தான்.” இந்த வயதில் மருதாணியா என்றார், கூடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு. யாரோ கூடச் சிரித்தார்கள்.

“இந்த வயசுலயும் பிடிக்குது சார். மிஷின் ஓடலன்னா பக்கத்துல ஒரு ஆள் உக்காரணும். என்னை உக்கார விட்டிருந்தா நான் உக்காந்திருப்பேன்.”

ஆடும் கட்டையை விட்டுவிட்டு இறங்கினேன்.

வெளியே வராந்தாவில் கமலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முரளி பெஞ்சில் இருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான், சின்னப் பிள்ளையிலிருந்து அந்தப் பழக்கம். உட்காரப்பா என்றேன். உட்காரவில்லை. தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னான்:

“காதுல மாட்டிப் பாத்திருக்கலாம் பெரிம்மா. காது மடல்லயும் அது புடிக்கும். தெரிஞ்சதுதான். அன்னிக்குத் தோணல.”

குடையை விரித்தேன்.

அவள் காது வெறுமையாகத்தான் இருந்தது. கம்மல் என் பையில்.